மூன்று கால் சிங்கம்

குந்தவை புருஷன் நெற்றியை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தாள். காவி போகவில்லை. காவியோடு ஒட்டிக்கொண்டு அக்கிப் பொருக்குதான் உரிந்து வந்தது. அடியில் மஞ்சளாகச் சீழ் கசிந்தது. துணியைத் திருப்பி மறுபடி தேய்த்தாள்.

வாசலில் ஷஹ்பாஸின் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. பதினொரு மணிக்குள் தஞ்சாவூர் போய்க் கண் டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

புருஷன் பஞ்சநதத்துக்கு இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. களத்தில் தூற்றும்போது நெல் சுணை குத்திக் கெட்ட கண். மிச்சம் இருப்பது வலது ஒன்றுதான். அந்தப் பக்கம்தான் அக்கி. நெற்றியில் தொடங்கி, இமையில் இறங்கி, மூக்கு நுனிவரை வந்துவிட்டது.

அக்கி வந்தால் பானை வனையும் வேளாரைக் கூப்பிடுவார்கள். காவிக்கல்லைக் கொட்டாங்குச்சியில் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின் மேல் ஒரு சிங்கத்தை எழுதுவார். சிங்கம் அக்கியைத் தின்றுவிடுமாம். பஞ்சநதத்துக்கும் நாலு நாளைக்கு முன் எழுதியாயிற்று. வைரக்கண்ணு வேளார்தான் எழுதினார் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தாள் குந்தவை.

"எரிச்சல் எப்படிங்க இருக்கு?"

"நெத்தியில எறும்பு ஊருது. கண்ணு மட்டும் மரத்துப் போய்க் கெடக்கு."

ஒரு ஈ வந்தது. சீழில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டது. இமையோரம் நடந்தது. பிறகு திறந்திருந்த கண்ணின் மேலேயே ஏறி, கருவிழியின் நடுவில் நின்றது.

அவன் இமைக்கவில்லை.

ஈ நிதானமாக உறிஞ்சத் தொடங்கியது.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றான்.

பாபநாசம் தாண்டியபோது ஷஹ்பாஸ் மூக்கைச் சுளித்தான். "பையில கருவாடு ஏதும் வச்சிருக்கியளாக்கா?" என்று சிரித்தவன், கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்ததும் வண்டியை விரட்டினான்.

பஞ்சநதத்தின் நெற்றியில் போட்ட துண்டு நனைந்திருந்தது. விலக்கினாள். பொருக்கு உரிந்த இடமெல்லாம் மறுபடி காவி. அப்போதுதான் இறகை எடுத்ததுபோல் ஈரம்.

அந்த வாடை அவளுக்குத் தெரியும்.

தை மாதம் கொல்லைக் கொட்டகையில் கிடந்த அவன் அண்ணன் நல்லக்கண்ணுவின் வாடை. அவருக்கும் இதே அக்கிதான். கண்ணில் இறங்கி, மூளைக்கு ஏறி, பதினோராம் நாள் செத்துப்போனார். பாடையில் வைத்த பிறகும் அந்தக் கண்ணை யாராலும் மூட முடியவில்லை.

டாக்டர் பிரதீபா பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டார். "தெரியுதா?"

"தொட்டீங்களா டாக்டர்?"

டாக்டரின் முகம் மாறியது. அக்கிக் கிருமி கண்ணுக்குப் போகும் நரம்பைக் கெடுத்திருக்கிறது, உணர்ச்சி செத்த கண்ணில் விழுந்த புண் வலிக்காது, லேசில் ஆறவும் ஆறாது என்றார். கொப்புளம் கண்டதுமே வந்திருக்க வேண்டும். புண் கருவிழியின் நடுவைத் தொடாமல் இருந்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.

சாயம் தோய்ந்த தாளை இமைக்குள் ஒற்றி, நீல விளக்கைப் போட்டார். கணினித் திரையில் பெரிதாகத் தெரிந்த கண்ணில் புண் பச்சையாக எரிந்தது.

"கிளை கிளையா ஓடியிருக்கு. நல்லவேளை, ஓரத்துலதான் இருக்கு. யாரு எழுதினது இந்தக் காவிய?"

"வேளாருங்க" என்றாள் குந்தவை.

அவள் கண்ணுக்குக் கிளை தெரியவில்லை.

பிடரி தெரிந்தது. வால் தெரிந்தது.

கால்கள். மூன்றே கால்கள்.

பஞ்சநதம் தலையைத் திருப்பாமல் முணுமுணுத்தான். "ஏன் பொய் சொல்ற? அண்ணன் கேக்குறாரு. என் கொட்டாங்குச்சிய நீ ஏன் எடுத்தேன்னு."

அவனுக்கு அது தெரிய வழியே இல்லை.

அக்கி எழுதிய அன்றைக்கு வேளார் ஊரிலேயே இல்லை. மன்னார்குடியில் மகள் வீட்டில் இருந்தார். செத்தவருக்கு எழுதிய காவியின் மிச்சத்தை அன்றே ஆற்றில் கரைத்துவிட வேண்டும். நல்லக்கண்ணுவுக்குக் கரைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். கொட்டகைக் கூரை இடுக்கில் அந்தக் கொட்டாங்குச்சி செருகியபடியே இருந்தது. காய்ந்த காவி, அதில் அவர் சீழ் தோய்ந்து ஒட்டிப்போன இறகு. குந்தவை எச்சிலைத் துப்பிக் குழைத்தாள். காய்ச்சல் மயக்கத்தில் கிடந்த புருஷன் நெற்றியில் அவளேதான் எழுதினாள்.

நாலாவது காலுக்குக் காவி பத்தவில்லை.

திரையில் இப்போது அந்தக் கால் முளைத்துக்கொண்டிருந்தது. கருவிழியின் நடுவை நோக்கி.