செக்ரோலில் இருந்த பெயர்கள்

பக்கத்துக் காம்பராவின் ரேடியோ பாட்டின் நடுவிலேயே நின்றுவிட்டது. கரண்ட் போகவில்லை, கிருஷ்ணகுமாரியின் தலைக்கு மேல் பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஓப்பநாயக்கப் பக்கத்து அந்தத் தேயிலை மலையில் பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, காம்பரா வீடுகள் வரிசையாய் ஒட்டிய லயத்தின் தகரக் கூரையில் சொட்டுச் சொட்டாய் வடிந்து, ஈர விறகுப் புகையையும் பச்சைக் கொழுந்து வாசத்தையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்திருந்தது. இராக்காவல் பார்க்கும் இருளப்பனுக்குக் காது மந்தம்; நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பாட்டு வைப்பார். அது நின்றதும் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பாவம்.

வேலை தலைக்கு மேல் கிடந்தது. கருந்துளையைச் சுற்றிச் சுழலும் காந்தமேறிய வாயுத் தட்டைக் கணினியில் மாதிரி செய்து பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. எது சுற்றுகிறது, எது உள்ளே விழுகிறது என்று அறிய இருநூறு துகள்களை அந்த வாயுவில் மிதக்கவிட்டிருந்தாள். மற்றவர்கள் துகளுக்கு எண் கொடுப்பார்கள். லயத்துப் பிள்ளையின் குசும்பு, இவள் தோட்டத்துப் பேர்ப் பதிவேடான செக்ரோலை எடுத்து, வேலைக்குப் பேர் பதிந்த இருநூறு பேரையும் வரிசையாக ஏற்றிவிட்டாள். எண் மறந்தாலும் பேர் மறக்குமா?

திரையைப் பார்த்தாள். 'விழுந்தவை' பட்டியலில் முதல் பெயர் இருளப்பன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் மனம் கேட்காமல் எழுந்துபோய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள். கதவு தானாகத் திறந்தது. அடுப்பு இல்லை, பாய் இல்லை. பல வருடத்துத் தூசியும் எலிப் புழுக்கையும்தான் கிடந்தன. மேல் மலையில் கொழுந்து பறிக்கப் போயிருந்த அம்மா மூக்காயிக்குப் போன் போட்டாள்.

"அம்மா, இருளப்பன் மாமா எங்கம்மா?"

"எந்த இருளப்பன்? அந்தக் காம்பரா நாங்க வந்த நாள்லருந்து சும்மாதானே கெடக்கு. என்னடி, காய்ச்சலா?"

ஓடி வந்து பார்த்தால் பட்டியலில் நூற்றுப் பத்துப் பெயர். மலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்களின் பேச்சும் சிரிப்பும் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. மூக்காயி என்ற துகள் உள்வட்டத்துக்கு வந்துவிட்டது. இன்னும் மூன்று சுற்று.

நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் மிச்சப் பேரும் போய்விட்டால்? அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. காந்தப்புலத்தைக் கூட்டினால் அது துளையின் வாசலில் குவிந்து, விழ வருவதை மறிக்கும். கூட்டிவிட்டு மறுபடி போனை எடுத்துக் கத்தினாள்.

"அம்மா, கூடையப் போட்டுட்டு ஓடி வா!"

"ஹரி ஹரி, சரிடி, அப்பவே கெளம்பி லயத்துக்குக் கிட்ட வந்துட்டேன். கத்தாத. இத்தாம் பெரிய மலையில நான் ஒருத்திதானே எப்பவும் பறிக்கிறேன், களைப்பா இருக்காதா?"

இரண்டு சுற்று. மலையில் சத்தமே இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

ஒரு சுற்று. துகள் மெதுவானது. இன்னும் மெதுவானது. விளிம்பில் நின்றது.

நின்றேவிட்டது.

"மாரியாத்தா, காப்பாத்திட்டடி!" வாய்விட்டு அழுதபடி வாசலுக்குப் பாய்ந்தாள்.

அம்மா படியில் நின்றாள். தலையில் கூடைக் கயிறு. ஒரு கால் மேல்படிக்குத் தூக்கியபடி. அந்தக் கால் இறங்கவில்லை. 'குமாரி' என்று கூப்பிடத் திறந்த வாய். மூடவில்லை.

வெளியே நின்று பார்ப்பவருக்கு, கருந்துளைக்குள் விழுகிற பொருள் விழுந்ததாகத் தெரியாது. விளிம்பில் உறைந்து, சிவந்து, மங்கும். அது வெறும் மிச்ச வெளிச்சம். பல்கலைக்கழகத்து முதல் வருடப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

திரையைத் திரும்பிப் பார்க்கப் பயந்தாள். பார்த்தாள். பட்டியலின் கடைசியில் மூக்காயி.

கையை நீட்டினாள். விரல்கள் அம்மாவின் தோளுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தன. சூடு இல்லை. ஈரம் இல்லை. முகம் செம்மண் நிறமானது. பிறகு தணல் நிறம். அந்தக் கண்கள் மட்டும் மகளையே பார்த்தன.