துடைப்பம் போட்ட கோட்டு

விக்டோரியா மகாராணி ஆண்ட காலம். கார்ன்வால் கடற்கரையில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மழைக்கும் குளிருக்கும் கோட்டு தைக்கும் தையல்காரர் ட்ரெனர் மட்டும் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ட்ரெனர் கோட்டைப் போட்டுகிட்டுத் தும்மினாலே கிழிஞ்சிடும்!" என்று படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

"படகோட்டி பாஸ்கோவுக்குத் தைச்சதுதான் கடைசிக் கோட்டு, டாம்சின். அதுவும் கிழிஞ்சா, கடையை மூடிட்டு மில் வேலைக்குப் போயிடலாம்" என்று மகளிடம் சொன்னார் ட்ரெனர்.

பத்து வயது டாம்சின் நூல் பெட்டியைத் திறந்து பார்த்தாள்; காலியாக இருந்தது.

மறுநாள் நூல் வாங்க அக்கரைக்குக் கிளம்பினாள். படகோட்டி பாஸ்கோ புதுக் கோட்டுக்கு மேலே கம்பளிப் போர்வையும் போர்த்தியிருந்தார்.

"வெயில் அடிக்குதே, போர்வை எதுக்கு மாமா?"

"குளிருது கண்ணு" என்றார், வேர்வையைத் துடைத்தபடி.

துடுப்பை இழுத்ததும் போர்வை நழுவியது. கோட்டு இரண்டு அக்குளிலும் கிழிந்திருந்தது!

"அப்பாகிட்ட சொல்லிடாதே. பாவம், பார்த்துப் பார்த்துத் தைச்சாரு."

டாம்சினுக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு நல்ல மனிதர்!

அவர் துடுப்புப் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் முன்னே நீண்டன, முதுகு விரிந்தது. ஆனால் கடையில் அளவெடுத்தபோது? மூச்சைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்திச் சிப்பாய் போல அல்லவா நின்றார்! எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள்.

"மாமா, கடைக்கு வாங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

கடையில் ஒரு தொட்டியைக் கவிழ்த்து அவரை உட்காரவைத்தாள். நீளமான துடைப்பத்தைக் கையில் கொடுத்தாள்.

"படகு ஓட்டுங்க மாமா!"

"தண்ணி எங்கம்மா?"

"நீங்க ஓட்டுங்க. அப்பா, இப்ப அளவெடுங்க!"

சிரித்துக்கொண்டே நாடாவைப் பிடித்த அப்பா சிரிப்பை நிறுத்தினார்.

"அடேயப்பா! முதுகு நாலு விரல் கூடுதே! அப்போ... அந்தக் கோட்டு?"

பாஸ்கோ கூரையைப் பார்த்தார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பாஸ்கோவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த கோட்டில் கை தாராளமாக நீள, அக்குளுக்குச் சதுரமாக ஒரு துணித்துண்டு வைத்துத் தைத்தார். குளிர்காலம் முழுக்கப் பாஸ்கோ துடுப்புப் போட்டார். ஒரு தையல்கூட விடவில்லை. கேலி பேசியவர்களே வாசலில் வரிசை கட்டினார்கள்.

சில வருடங்களில் ட்ரெனர் கோட்டுகள் கப்பலேறி ஊர் ஊராகப் போயின. ஒவ்வொரு காலருக்குள்ளும் டாம்சின் வரைந்த குட்டித் துடைப்பம் இருந்தது.

"கோட்டுல எதுக்குய்யா துடைப்பம்?" என்று படகில் யாராவது கேட்டால் போதும், பாஸ்கோ தன் காலரைப் பெருமையாகத் திருப்பிக் காட்டுவார்.

"அது நான் ஓட்டின படகோட துடுப்புங்க!"