சிக்ரியில் அவிழ்ந்த முடிச்சு

அன்று மதியம் ஃபத்தேபூர் சிக்ரி தர்கா முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வழிகாட்டி மிர்ஸா தஜம்முல் பேக். அவர் மகன் நவேத், அவனும் வழிகாட்டி. டெல்லியிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த மிட்டாய் ஆலை முதலாளி சுரீந்தர் லாம்பா. அவர் மனைவி பிரமிளா. அவர் தம்பி ஜதின். கார் டிரைவர் போலா.

இவர்களில் ஒருவர் மாலைத் தேநீர் குடிக்கவில்லை.

பெரிய வாசலுக்கு வெளியே, படிக்கிணற்றின் அடியில், கழுத்து திரும்பிக் கிடந்தார் சுரீந்தர்.

பிரமிளாவின் அலறலில் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின.

பிணத்தின் அருகே மண்டியிட்டிருந்தவன்... நவேத்!

"நான் வரும்போதே இப்படித்தான் கிடந்தாரு..."

'அப்பா' என்று சொல்ல வாயெடுத்தவன், மூடிக்கொண்டான்.

அவனை அங்கே அனுப்பியதே மிர்ஸாதான்.

காலையில் காரில், "கைடுங்க எல்லாரும் கமிஷன் திருடங்க" என்று சுரீந்தர் சிரிக்க, நவேத் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். விருந்தாளி மேல் கை வைப்பதா?

"போய் மன்னிப்புக் கேளு. அதுவரைக்கும் என்னை அப்பான்னு கூப்பிடாதே," என்று மதியம் மிர்ஸா அவனைத் துரத்தியிருந்தார்.

எல்லாரையும் முற்றத்துக்கு அழைத்து வந்த இன்ஸ்பெக்டர் திரிபாதிக்கு வேலை சுலபமாகிவிட்டது.

"காலையில சட்டையைப் பிடிச்சே. மதியம் ஆளையே தள்ளிட்டே. கிளம்புடா."

"என் பையன் கோபக்காரன். கொலைகாரன் இல்லை," என்றார் மிர்ஸா.

"எல்லா அப்பனும் இதைத்தான் சொல்றான் மிர்ஸா சாகிப். ஓரமா நில்லுங்க."

ஓரமாக நின்றார்.

தலைமுறை தலைமுறையாக இந்த முற்றத்தின் நடுவில் நின்று பேசிய குடும்பம். இன்று மகனின் கையில் விலங்கு. தடுக்க அவரிடம் என்ன இருக்கிறது? வளையாத ஒரு முதுகு. அது யாருக்கு வேண்டும்?

யாரோ தோளைத் தொட்டார்கள். ஜதின்.

"மனசை விடாதீங்க பெரியவரே. இங்க அடங்கியிருக்கிற மகானோட ஜன்னல்ல ஒரு நூல் கட்டி வேண்டிக்கங்க. பையன் வந்ததும் அவிழ்த்துக்கலாம்."

"வழக்கமெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே," என்றார் திரிபாதி. "அடிக்கடி வருவீங்களோ?"

"இல்ல சார். சிக்ரிக்கு இதான் முதல் தடவை."

மிர்ஸா திடுக்கிட்டார்.

அலறலுக்குச் சற்று முன்... சமாதியின் பளிங்கு ஜன்னலில், கொத்துக் கொத்தான நூல்களுக்கு நடுவே, ஜதின் ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, வேண்டிக்கிறவங்க கட்டணும். வேண்டினது நடந்தவங்கதான் அவிழ்க்கணும்," என்று இவர் திருத்தினார்.

"நடந்துடுச்சு பெரியவரே," என்று சிரித்தான் அவன்.

இவரும் மகிழ்ந்து வாழ்த்தினார். வாழ்த்தினார்! நினைத்ததும் நாக்கு கசந்தது.

"இன்ஸ்பெக்டர் சாகிப், இவர் கொஞ்ச நேரம் முன்னாடி ஜன்னல்ல ஒரு நூலை அவிழ்த்தார். முதல் தடவை வந்தவர் எப்போ கட்டினார்? என்ன வேண்டினார்?"

"பாவம், பெரியவருக்கு வெயில்," என்றான் ஜதின்.

திரிபாதி கொட்டாவி விட்டார். "நூலை வச்சு கேஸ் எழுத முடியாது சாகிப். நகருங்க."

மறுபடி ஓரம்.

மிர்ஸா நகரவில்லை.

"அவிழ்த்த நூலை யாரும் தரையில போட மாட்டாங்க. அவர் பையிலதான் இருக்கும். எடுத்துத் திரும்பக் கட்டச் சொல்லுங்க. நடந்ததை வேண்டாம்னு மகான்கிட்டயே திருப்பிக் கொடுக்கிற மாதிரி. அண்ணனைப் பறிகொடுத்த தம்பிக்கு அதுல என்ன கஷ்டம்?"

"நூல்தானே? கட்டிட்டு வாங்க," என்றார் திரிபாதி, தொல்லை விட்டால் போதும் என்று.

ஜதினின் பையிலிருந்து வந்தது... வெயிலில் வெளுத்துப்போன ஒரு நூல்.

ஜன்னல் வரை போனான். மூன்று தரம் முயன்றான். முடிச்சு விழவே இல்லை.

திரிபாதி கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

"சின்ன முதலாளியைப் போன மாசம் நான்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்," என்றான் டிரைவர் போலா, தரையைப் பார்த்தபடி. "அண்ணன்கிட்ட மூச்சு விடாதேன்னாரு."

பிரமிளா மெல்லத் திரும்பினாள்.

"தண்ணி பாட்டில் வாங்கறேன்னு அவர் பின்னாடியே போனியே ஜதின்... பாட்டில் எங்கே?"

ஜதின் அப்படியே உட்கார்ந்தான்.

"ஆலையில என்னைக் கணக்குப்பிள்ளை மாதிரி வச்சிருந்தாரு அண்ணி. கிணத்து ஓரத்துல நின்னு, போட்டோ எடுடான்னாரு. ஒரு கைதான் வச்சேன்..."

விலங்கு கை மாறியது.

மணிக்கட்டைத் தடவியபடி வந்தான் நவேத். "இப்ப அப்பான்னு கூப்பிடலாமா?"

"மன்னிப்புக் கேட்டியா?"

"யார்கிட்ட? அவருதான் போயிட்டாரே."

"அவர் வீட்டம்மா அங்க தனியா நிக்கிறாங்க. போ."

போனான்.

கடைத்தெருவில் கதை வேறு மாதிரி ஓடுகிறது. மகானே இறங்கி வந்து கொலைகாரனின் கையைப் பிடித்தாராம்.

தவறு. பிடித்தது திரிபாதி. மகானாக இருந்தால் முதலிலேயே சரியான கையைப் பிடித்திருப்பார்!