சங்கிலி மட்டும் மிச்சம்

வியாழக்கிழமை, காலை ஆறு மணி. பேச்சியம்மா கதவைத் திறந்தபோது வாசல் தூணில் சங்கிலி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கட்டியிருந்த சக்கர நாற்காலியைக் காணவில்லை. ஆமைப்பூட்டையும் காணவில்லை.

உள்ளே அவள் கணவர் அழகையா கட்டிலில் கிடந்தார். ஆயுள் முழுக்கக் கண்டியின் தெருக்களைக் கூட்டிய மாநகரசபைத் தொழிலாளி. பக்கவாதத்துக்குப் பிறகு இடது பக்கம் அசைவதில்லை. திங்கட்கிழமை அவரை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தத் தடவையும் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த நாற்காலிக்காக அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. கிராம சேவகர் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினார். செயலகம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. ஆஸ்பத்திரி மறுபடியும் கிராம சேவகரிடமே அனுப்பியது. கடைசியில் ஹாட்வெயார் கடை முதலாளி ஜனார்த்தனனின் நலன்புரிச் சங்கம்தான் கொடுத்தது. இப்போது களவு போய்விட்டது என்று செயலகத்தில் வந்து நின்றால், ஏற்கெனவே ஒன்று கிடைத்தவருக்கு இன்னொன்று இல்லை என்று மேசைக்கு மேசை ஒரே பதில்.

அந்தப் பதிலைப் பக்கத்து மேசையிலிருந்து சமூக சேவை அலுவலர் துஷ்யந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். பேச்சுக் குறைவு. குடையை எடுத்துக்கொண்டு மஹய்யாவவிலிருந்த பேச்சியம்மாவின் வீட்டுக்கு அவளுடன் நடந்தாள்.

அவர்கள் போனபோது, எதிர் வீட்டில் பழைய இரும்பு வாங்கி விற்கும் சுரேஸின் குவியலைப் பொலிஸ் சார்ஜன்ட் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். இரும்புக்காக அவன்தான் எடுத்திருப்பான் என்பது அவர் முடிவு.

"வித்துக் குடிச்சிருந்தா வாசம் அடிக்கணுமே மிஸ்," என்றான் சுரேஸ். "மோந்து பாக்கச் சொல்லுங்க. நேத்து குடிச்சது பிளேன்டீ மட்டுந்தான்."

துஷ்யந்தி சங்கிலியைக் கையில் எடுத்து வளையம் வளையமாகத் தடவிப் பார்த்தாள். வெட்டிய தடம் இல்லை. நெளிந்த இடமும் இல்லை.

"பூட்டுக்கு ஒரு சாவிதான் தந்தவையோ?"

"ஒன்னுதான் மிஸ்." பேச்சியம்மா முந்தானை முனையை அவிழ்த்துக் காட்டினாள். "மொதலாளியே கடையிலருந்து புதுப் பூட்டா எடுத்துக் குடுத்தாரு."

துஷ்யந்தி அந்தச் சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலிக்கு ஏதும் அடையாளம் உண்டா என்று விசாரித்தாள். நீல நிறம். ஆசனத்துக்கு அடியில், மாரியம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டியிருந்தாள் பேச்சியம்மா. அழகையா எழுந்து கோயிலுக்கு நடந்து வரும் நாளில்தான் அதை அவிழ்ப்பது என்று வேண்டுதல்.

"ஆரும் அதைக் கேட்டு வந்தவையோ?"

"மொதலாளி ரெண்டு தரம் ஆள் அனுப்பினாரு, கிரீஸ் போடணும், குடுங்கன்னு. நான் குடுக்கல. எங்க வீட்டு மனுசனுக்கு அதுதான கால்?"

பத்தரை மணிக்கு ஜனார்த்தனனின் கடை. அவர் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். தீபத்தைக் கண்ணில் ஒற்றி, திருநீறு பூசி முடிக்கும்வரை வந்தவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு உட்காரக் கதிரை காட்டினார். தின்னரில் நனைத்த துணியால் நகத்திலிருந்த பச்சைப் பெயின்டைத் துடைத்தபடியே பேசினார். சுவர் நிறைய படங்கள்: சிவப்பு நாற்காலியில் ஒரு கிழவி, மஞ்சளில் ஒரு கிழவர், நீலத்தில் அழகையா. எல்லாவற்றிலும் பக்கத்தில் மாலையோடு அவர்.

"இந்த ஆக்களுக்கு எதைக் குடுத்தாலும் நிலைக்காது மிஸ். நாளன்றைக்குத் தெல்தெனியவில இன்னொன்று குடுக்கிறோம். வாங்க, படத்தில நீங்களும் நிக்கலாம்."

துஷ்யந்தி படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாறன்," என்றாள்.

சனிக்கிழமை, தெல்தெனியவில் ஒரு சின்ன மண்டபம். பச்சை நாற்காலியில் அஸீம் என்ற முதியவரை அவர் மகள் ஷஹ்மா தூக்கி உட்கார வைத்தாள். இரண்டு காலும் விழுந்தவர். படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள். துஷ்யந்தி, பேச்சியம்மாவையும் சுரேஸையும் சார்ஜன்டையும் வாசலில் நிற்க வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"இது எப்ப வாங்கினது?"

"போன கிழமை, கொழும்பில. புத்தம் புதுசு," என்றார் ஜனார்த்தனன்.

அவள் அஸீமிடம் அனுமதி கேட்டு முழந்தாளிட்டாள். ஆசனத்துக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். கை நின்றது.

"இதில ஒரு முடிச்சு கிடக்கு. புதுக் கதிரைக்கு இது தேவையில்லைத்தானே. அவிழ்த்து விடுங்கோ."

ஜனார்த்தனன் சிரித்தபடி குனிந்தார். மஞ்சள் துணி கண்ணில் பட்டதும் நீட்டிய கை பாதியில் நின்றது. அதற்கு மேல் அது போகவில்லை.

"சுரேஸ் எடுத்திருந்தால் சங்கிலியை அறுத்திருப்பான், கதிரையை இரும்புக்குப் போட்டிருப்பான்," என்றாள் துஷ்யந்தி. "சங்கிலி அறுபடேல்லை, பூட்டுத் திறபட்டிருக்கு. புதுப் பூட்டோட ஒரு சாவி மட்டும் வராது. மிச்சத்தை நீங்கள் வைச்சிருந்தனீங்கள். உங்கட சுவரில இருக்கிற எல்லாக் கதிரைக்கும் வலது கைப்பிடி ஒரே இடத்தில கிழிஞ்சிருக்கு. எல்லாம் ஒரே கதிரை, நிறம் மட்டுந்தான் வேற. மற்ற ஆக்கள் கிரீஸ் போடவெண்டு நம்பித் தந்திச்சினம். இவ தரேல்லை. அதாலதான் களவு."

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். கம்பியெல்லாம் பச்சை. முடிச்சைச் சுற்றி மட்டும், விரலகலத்துக்குப் பழைய நீலம். துணியில் ஒரு துளி பச்சை இல்லை. தூரிகை அந்த இடத்தில் அவ்வளவு பக்தியோடு ஒதுங்கிப் போயிருந்தது.

"அம்மன் நேர்த்தியில எப்பிடிக் கை வைக்கிறது?" என்றார் ஜனார்த்தனன், மெதுவாக. அதைச் சொன்னால் போதும் என்று நினைத்தவர் போல.

"ஒரு மனுசன்ர காலைத் தூக்கிக்கொண்டு போகேக்கை வராத பயம்," என்றாள் துஷ்யந்தி.

சுரேஸ் சார்ஜன்டைப் பார்த்து, "இவரையும் மோந்து பாருங்க சேர். கற்பூரம் மணக்கும்," என்றான்.

அப்போதுதான் எல்லோருக்கும் நாற்காலியில் இருந்தவர் நினைவு வந்தது.

"மகள், என்னத் தூக்குங்க," என்றார் அஸீம். "வேற மனிசன்ட காலுல நான் குந்த ஏலாது."

ஷஹ்மா அவரைத் தூக்கித் தரையில் விரித்த பாயில் இறக்கினாள். பேச்சியம்மா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை அழகையா ஆஸ்பத்திரிக்குப் போனார். அதே காலையில் துஷ்யந்தி, ஷஹ்மாவுடன் அவர்கள் பகுதிக் கிராம சேவகரின் முன்னால் நின்றாள். அவர் விஷயத்தை முழுதாகக் கேட்கவில்லை. கைபேசியைத் தடவி ஒரு படத்தை நீட்டினார். பச்சை நாற்காலியில் அஸீம். பக்கத்தில் மாலையோடு ஜனார்த்தனன்.

"இவருக்குத்தான் கிடைச்சாச்சே," என்றார்.

துஷ்யந்தி அவருக்கு முன்னால் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழும்புகிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.