கேப்டனின் ஆறாவது பதக்கம்

காலை 8.05. குடியிருப்பின் நூலக அறையைத் திறந்த கேப்டன், சுவரில் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு அவர் போட்ட கூச்சலில் நாலு மாடியும் எழுந்து உட்கார்ந்தது. பெட்டியில் ஆறு பதக்கங்கள் இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தன.

காலை 9.10. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினாள். மூன்று நாள் பந்தோபஸ்தில் நின்றே இருந்ததில் கால் வீங்கி, ஷூவுக்குள் அடங்க மாட்டேன் என்றது. ஒரு பதக்கத்துக்காகப் போலீஸைக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு எரிச்சல் வந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை. காட்டவும் தெம்பு வேண்டுமே.

கேட்டருகே வயதான வாட்ச்மேன் வெறுந்தலையோடு நின்றிருந்தார். அவருடைய தொப்பியைப் பிடுங்கி மேஜைமேல் வைத்திருந்தார்கள்.

சங்கச் செயலாளர் மூச்சு விடாமல் பேசினார். "பெட்டிக்குச் சாவி ரெண்டே ரெண்டு மேடம். ஒண்ணு கேப்டன் கிட்ட. இன்னொண்ணு இந்தாளோட ரூம்ல ஆணியில தொங்குது. வேற யாரு எடுத்திருக்க முடியும்? பதினொண்ணரைக்குக் கேப்டனுக்குப் பாராட்டு விழா. ரிட்டயர்டு கர்னல் ஒருத்தர் வர்றார். பதக்கத்தையெல்லாம் கையில எடுத்துப் பார்க்கணும்னு ஆசைப்பட்டாராம். அதுக்குள்ள இவரைக் கூட்டிட்டுப் போயிடுங்க. சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணவும் சொல்லியாச்சு."

பம்பு ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் வாட்ச்மேனின் மனைவி படுத்திருந்தாள். வலது காலில் தொடை வரை மாவுக்கட்டு. அவளை வாட்ச்மேன் எப்படித் தூக்கி எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று செயலாளர் யோசித்ததாகத் தெரியவில்லை.

9.25. நூலக அறை. கண்ணாடி உடையவில்லை. பூட்டில் கீறல் இல்லை. பெட்டிக்குள் ஒரு பலகை, அதன்மேல் நீல வெல்வெட். வருஷக்கணக்கில் வெயில் பட்டு வெல்வெட் வெளுத்திருந்தது. பதக்கங்கள் இருந்த ஆறு இடங்களில் மட்டும் பழைய கருநீலம் அப்படியே இருந்தது. ஆனால் மிச்சமிருந்த ஐந்தும் அந்த இடங்களில் இல்லை. இடைவெளி தெரியாதபடி தள்ளித் தள்ளி, ஒரே சீராக அமர்ந்திருந்தன. நட்டநடுவில் எல்லாவற்றிலும் பெரிய நட்சத்திரப் பதக்கம். ஒவ்வொன்றின் நாடாவும் நீல நூலால் பொடிப்பொடித் தையலாகத் தைக்கப்பட்டிருந்தது.

"ஊசி நூலோட வந்த திருடனா?" என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

சங்கத்தின் போன வருஷ மலரில் பெட்டியின் படம் இருந்தது. நட்சத்திரம் இடது கோடியில். வலதிலிருந்து இரண்டாவதாக, மங்கிய செம்பு நிறத்தில் ஒன்று. காணாமல் போனது அதுதான். மற்றதெல்லாம் பளபளவென்று இருக்க, திருடன் அழுக்குப் பிடித்ததைப் பார்த்து எடுத்திருக்கிறான். படத்தைத் தன் போனில் எடுத்துக்கொள்ள, பூட்டைத் திறக்கும் நான்கு எண்களைத் தட்டினாள். பட்டாளத்தில் இருந்த அண்ணனின் பதக்கத்தின் ஓரத்தில் இருந்த நம்பரின் கடைசி நான்கு எண்கள் அவை. அம்மாவின் தையல் டப்பாவில் கிடந்த அந்தப் பதக்கத்தை உருட்டி விளையாடி, பள்ளிக்கூட நாளிலேயே மனப்பாடம் ஆனவை.

9.45. கேப்டன் வீடு. எழுபத்திரண்டு வயது, விறைப்பான முதுகு, இஸ்திரி போட்ட சட்டை. மனைவி டீ கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டருக்குக் கப் நிறைய. கேப்டனுக்குப் பாதிக் கப். அதையும் அவர் இரண்டு கையாலும் பிடித்தார். அப்படியும் சாஸரில் சிந்தியது.

"கடைசியா எப்ப ஆறையும் பார்த்தீங்க?"

"நேத்து சாயங்காலம் நாலு மணி. நானே தூசி தட்டினேன்."

"அப்புறம்?"

"அஞ்சுலேருந்து ஆறரை வரைக்கும் மொட்டை மாடியில விழாக் கமிட்டி மீட்டிங். லைப்ரரி ஏழு மணி வரைக்கும் திறந்துதான் இருக்கும்."

"உங்க சாவி?"

"இங்கதான், இந்த ஆணியில. அது எங்கயும் போகல."

"காணாமப் போனதுக்கு ஏதாவது தனி அடையாளம் உண்டா? கிடைச்சா உங்களோடதுதான்னு எப்படிச் சொல்வீங்க?"

கேப்டன் யோசித்துச் சொன்னார். "ரூபா நாணயத்தைவிடப் பெருசு. செம்பு நிறம். பச்சை நாடா, நடுவுல வெள்ளைக் கோடு. நல்ல கனம். அவ்வளவுதான்."

"வேற எதுவும் இல்லையா?"

"இல்லையேம்மா. ஆனா ஒண்ணு. பாவிப்பய வரிசையையும் கலைச்சுட்டான். நட்சத்திரம் முதல்ல வரணும். பட்டாளத்துல அதுக்குன்னு முறை இருக்கு. வரிசை மாத்தி மாட்டறவன் பட்டாளத்துக்காரனே இல்ல."

பிறகு, கேட்காமலேயே, போர்க் கதை வந்தது. பனி, மூன்று நாள் பட்டினி, தோளில் தூக்கி வந்த நண்பன். எதிரிலிருந்த மனைவி சாஸரில் சிந்திய டீயைத் துடைத்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை நன்றாகவே இருந்தது. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி வழவழப்பாகியிருந்தது. இன்ஸ்பெக்டருக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. லீவில் வந்தால் அவன் தூங்குவான். சாப்பிட எழுப்பினால் திடுக்கிட்டு எழுந்து, யாரென்று பார்த்துவிட்டு மறுபடி தூங்குவான். கடைசி லீவிலும் தூங்கிவிட்டுத்தான் போனான், பிறகு வரவில்லை. அவன் ஒரு கதையாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் அவளுக்கு ஏக்கம் உண்டு.

10.15. பம்பு ஷெட் அறை. கட்டிலுக்கு அடியில் பச்சை இரும்புப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நீள நம்பரும் ஒரு பெயரும்.

"நீங்க பட்டாளமா?"

"ஆமாம் மேடம். பதினேழு வருஷம். சிப்பாயாப் போயி சிப்பாயாவே வந்துட்டேன்."

"இங்க யாருக்கும் தெரியாதா?"

"யாரும் கேக்கல."

"பெட்டியில நம்பர் எழுதியிருக்கே."

"பெட்டி மட்டுமா? தட்டு, பூட்ஸ், பெல்ட், எல்லாத்துலயும் நம்பர்தான். கொடுக்கற பொருள் எதுவும் பேரு இல்லாம வராது." லேசாகச் சிரித்தார். "நாங்க தொலைஞ்சா எங்களை அடையாளம் தெரியணும்ல."

"பதக்கத்தை நீங்க எடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"யாரு எடுத்தாங்கன்னு தெரியுமா?"

அவர் மனைவியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "எனக்குத் தெரியாதுன்னு எழுதிக்கங்க."

"கேப்டன் சொல்ற கதையெல்லாம் கேட்டிருக்கீங்களா?"

"தினமும். நல்லாத்தான் சொல்வார். நான் இருந்த சண்டையில சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல மேடம். குளிர்தான். இப்ப நினைச்சாலும் குளிர்தான்."

கட்டிலில் இருந்தவள் வாயைத் திறந்தாள். "எடுத்தவங்களைச் சொல்லிட்டுப் போயேன்யா. என்னை வச்சுக்கிட்டு நீ எங்க போவே?"

10.40. இன்ஸ்பெக்டர் மறுபடி நூலகத்துக்கு வந்து, பலகையை வெளியே எடுத்து, ஐந்து பதக்கங்களின் ஓரத்திலும் கட்டைவிரலை ஓட்டினாள். ஐந்தும் வழுவழுவென்றிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவைத் தளர்த்தினாள். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஆனால் அதில் அவளுக்குத் துளி சந்தோஷம் இல்லை.

10.55. கேப்டன், அவர் மனைவி, வாட்ச்மேன் மூவரும் வந்தார்கள். செயலாளரை வாசலில் கர்னலுக்குக் காத்திருக்கும்படி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"விஷயம் ஒண்ணுதான்," என்றாள். "எடுத்தவங்களுக்குத் திருடற எண்ணமே இல்ல. அஞ்சையும் பிரிச்சு, இடைவெளி தெரியாம திரும்பத் தைச்சிருக்காங்க. அரை மணி நேர வேலை. ஒண்ணு குறைஞ்சது யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு செஞ்சது. சாவி வச்சிருந்த ரெண்டு பேருக்கும் ஊசி பிடிக்கத் தெரிஞ்சிருக்கலாம். ஆனா கேப்டன் சார், உங்க கையில கப்பே நிக்கல."

கேப்டன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாட்ச்மேன் பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்தவர், தைக்கத் தெரியும். ஆனா இந்த நட்சத்திரத்தை அவர் நடுவுல வச்சிருக்க மாட்டார். வரிசை அவர் உடம்புல ஊறினது. உங்களுக்கும் அது மனப்பாடம். பெரிசை நடுவுல வச்சா அழகா இருக்கும்னு நினைக்கிறவங்க, பட்டாள முறை தெரியாதவங்க. ஆனா உங்க சாவியை ஆணியிலேருந்து எடுக்க முடிஞ்சவங்க. நேத்து அஞ்சுலேருந்து ஆறரை வரைக்கும் நீங்க மொட்டை மாடியில இருப்பீங்கன்னு தெரிஞ்சவங்க."

கேப்டன் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இவளா? இவ எதுக்கு எடுக்கணும்? என்ன பேசறீங்க நீங்க?"

"அதைத்தான் உங்க பதிலே சொல்லிச்சு சார். அடையாளம் கேட்டேன். நிறம் சொன்னீங்க, நாடா சொன்னீங்க, கனம் சொன்னீங்க. நிஜமா வாங்கின பதக்கத்தோட ஓரத்துல வாங்கினவரோட நம்பரும் பேரும் பொறிச்சிருக்கும். எங்கண்ணன் பதக்கத்துல இருக்கு. தன் பேரு போட்ட பொருள் தொலைஞ்சா முதல்ல யாரும் அதைத்தான் சொல்வாங்க. உங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல. தெரிஞ்சிருந்தா காலையில கூச்சல் போட்டிருக்க மாட்டீங்க."

வெளியே மைக் டெஸ்ட் செய்யும் சத்தம் கேட்டது.

"மத்த அஞ்சும் கடையில விக்கிற நகல். ஓரத்துல எதுவும் இல்ல. நிஜமானது அந்த ஒண்ணுதான். அதுல இருக்கறது உங்க பேரு இல்ல. அதைக் கையில எடுத்துத் துடைச்சவங்களுக்கு மட்டும் அது தெரியும்."

கேப்டனின் மனைவி இடுப்பில் சொருகியிருந்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். செம்புப் பதக்கம். மேஜைமேல் வைத்தார்.

"தையல் டப்பாவுலதான் வச்சிருந்தேன்," என்றார். "கர்னல் கையில எடுத்துப் பார்ப்பாருன்னு இவர் வந்து சொன்னப்ப, ஓரத்துல இருக்கற பேரைப் படிச்சிடுவார்னு பயந்துட்டேன். அஞ்சா ஆறான்னு யார் எண்ணப் போறாங்கன்னு நினைச்சேன். இவரே எண்ணுவாருன்னு நினைக்கல." வாட்ச்மேனைப் பார்த்தார். "உங்க தொப்பியைப் பிடுங்கினப்பவே நான் சொல்லியிருக்கணும் அண்ணா. வாய் வரல. மன்னிச்சுக்கங்க."

"விடுங்கம்மா," என்றார் வாட்ச்மேன். "நேத்து நீங்க லைப்ரரிக்குள்ள போனதை நானும் பார்த்தேன்."

கேப்டன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டரிடமோ வாட்ச்மேனிடமோ அவர் எதுவும் கேட்கவில்லை.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"கல்யாணமாகி நாலாவது வருஷம். கல்யாணப் பத்திரிகையிலேயே கேப்டன்னு போட்டிருந்தாங்க. நானும் நம்பித்தான் வந்தேன். பாலிஷ் போடறப்ப ஓரத்துல எழுத்துத் தட்டுப்பட்டுச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டா என்னங்க சொல்வீங்க? இன்னொரு கதை சொல்வீங்க. அதையும் நான் நம்பற மாதிரி உக்காந்திருக்கணும்."

நாற்பது வருஷம். இன்ஸ்பெக்டர் அந்த அம்மாளைப் பார்த்தாள். கேப்டன்மேல் வர வேண்டிய கோபம் எங்கோ வழியிலேயே நின்றுவிட்டது. ஆனால் பம்பு ஷெட் அறையில் ஒருத்தி கால் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாள்.

"நான் கேஸ் எழுதப் போறதில்ல," என்றாள். "உங்க வீட்டுப் பொருள் உங்க வீட்டுலயே இருந்திருக்கு. ஆனா திருடன்னு இவரை எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். காரணத்தோட. காரணம் இல்லாம சொன்னா, பெரிய மனுஷன் மன்னிச்சு விட்டார்னுதான் பேசுவாங்க. இவர் மேல கறை அப்படியே நிக்கும். அதை நீங்கதான் சொல்லணும் சார், நான் சொல்ல மாட்டேன்."

"நிஜமா நீங்க யாருங்க?" என்று மனைவி கேட்டார். குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கேப்டன் மேஜைமேல் இருந்த பதக்கத்தைப் பார்த்தபடி சொன்னார். "பட்டாள ஸ்டோர்ல வேலை. மலைக்குப் போற லாரிக்குப் போர்வை கட்டி ஏத்தி விடுவேன். ஆள் எடுக்கறப்ப மூணு தடவை போனேன். மார்பளவு பத்தல. சந்தையில இதைப் பார்த்தேன். வாங்கிட்டேன்."

11.35. நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்வரிசையில் கர்னல். செயலாளர் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்த புகழுரையை வாசிக்க எழுந்தபோது, கேப்டன் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். மைக் ஆடியது. மனைவி பக்கத்தில் வந்து நின்று அதைப் பிடித்துக்கொண்டார்.

"பதக்கத்தை யாரும் திருடல," என்றார். "வாட்ச்மேன் மேல தப்பு இல்ல. அவர் பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்தவர். நான் ஒரு நாள் கூட இல்ல. நான் கேப்டன் இல்ல. ஸ்டோர்ல போர்வை கட்டிக் கொடுத்த ஆளு."

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். செயலாளர் தன் இரண்டு பக்கத்தையும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கர்னல் எழுந்து போகவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

12.05. கேட்டருகே மேஜைமேல் இருந்த தொப்பியை வாட்ச்மேன் எடுத்துத் தட்டி மாட்டிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பதக்கத்தைக் கவரில் போட்டு, அதன் ஓரத்தில் இருந்த நம்பரையும் பெயரையும் கவர்மேல் எழுதினாள். அந்தப் பெயருக்கு எங்கேயாவது ஒரு வீடு இருக்கும். தேட வேண்டும். இன்றைக்கு இல்லை, கால் வலிக்கிறது. நாளைக்கு.

கேப்டன் தனியாக வந்து வாட்ச்மேனின் முன் நின்றார். விறைப்பாக இருந்த முதுகு வளைந்திருந்தது.

வாட்ச்மேன்தான் பேசினார்.

"போர்வை வந்து சேர்ந்துச்சு சார். எங்க ஆளுங்களுக்கு, மலை மேல. பழுப்பு நிறம், ஓரத்துல சிவப்புத் தையல்."

"ஆமாம்," என்றார் கேப்டன். "சிவப்புத் தையல்தான்."

"அந்தக் கதையைச் சொல்லியிருக்கலாமே சார். நான் தினமும் கேட்டிருப்பேன்."