இடது கையில் நான்கு ஊசிகள்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பொன்னேரியில் பதினோரு வருடமாக அக்குபங்சர் பார்க்கிறேன். பேய் பிடித்ததாகச் சொல்லிக் கூட்டி வந்தவர்களையும் பார்த்தாயிற்று. முக்கால்வாசிப் பேருக்குப் பசிதான். அப்படிப்பட்ட நான் இதை எழுத உட்கார்ந்தது எனக்கே வெட்கமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

போன தை மாதம் தோணிரேவு கிராமத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டேன். கடலோடு சேர்ந்த ஏரியின் கரையில், மீனுக்கு ஐஸ் கொட்டி வைத்த பழைய அறை ஒன்று சும்மா கிடந்தது. அதைத்தான் கொடுத்தார்கள். ஒன்றரை அடிச் சுவர். ஜன்னல் கிடையாது. தகரம் அடித்த கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் கொண்டி. ஐஸ் உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளப் போவதில்லையே. ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், ஒரு பேட்டரி விளக்கு. காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்ததால் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசியாக வந்தவள் கீதா. நாற்பது வயதிருக்கும். அவளும் புருஷன் எல்லப்பனும் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவர்கள். எல்லப்பன்தான் பேசினான்.

"கார்த்திகைலேர்ந்து இவளுக்கு எட்து கை மரத்துப் பூட்ச்சு சார். கிள்ளுனாக்கூடத் தெரியல. சேத்துல கைய வுட்டா, கீறது இறாலா கல்லானே தெரியலன்றா."

கண்ணால் பார்த்துப் பிடிக்கிற வேலை இல்லை அது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவி, விரலில் இடறியதை அமுக்கிப் பிடித்து, பறி என்கிற ஓலைப் பையில் போட வேண்டும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லால்தான் கவ்விக்கொள்வார்கள். விரலில் உணர்ச்சி இல்லை என்றால் பிழைப்பே இல்லை.

"கார்த்திகையில் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

கீதா தரையைப் பார்த்தாள். எல்லப்பன்தான் சொன்னான்.

"எங்க அண்ணி லட்சுமி, ஏரி நடுவுல கீற ஓடையில பூட்டாங்க சார். தண்ணி கடல் பக்கம் திரும்பச்சொல்ல எல்லாரும் கைகோத்துக்கினுதான் ஓடையத் தாண்டுவோம். முன்னால நானு, நடுவுல இவ, கடைசில அண்ணி. இவ எட்து கையிலதான் அண்ணி கை. தண்ணி இழுத்துக்கினு பூட்ச்சு. ரெண்டு நாள் கழிச்சு…"

"போதும்யா," என்றாள் கீதா.

துக்கத்தில் உடம்பு மரத்துப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அரை மணி நேரம் ஆகும், போய் வேலையைப் பாருங்கள் என்று எல்லப்பனையும் அனுப்பிவிட்டேன்.

மணிக்கட்டில் ஒன்று, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று, முழங்கைக்குக் கீழே இரண்டு. நான்கு ஊசிகளும் ஒழுங்காக நின்றன.

"இருபது நிமிஷம் அசையக் கூடாது கீதா. ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணுந் தெரியல சார்."

அப்போதுதான் ஒரு பெருங்காற்று அடித்தது. செங்கல் சரிந்து கதவு அறைந்து சாத்திக்கொண்டது. வெளியே கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் பயப்படவில்லை. எப்படியும் எல்லப்பன் வருவான் என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது வாசனை. அந்த அறையில் மீன் வாடை இருக்கத்தான் செய்யும். இது வேறு. அப்போதுதான் காலால் கிளறிவிட்ட ஓடைச் சேற்றின் வாடை.

"சார்," என்று கிசுகிசுத்தாள் கீதா. "தெரியுது சார்."

எனக்கு ஒரே பெருமை. "என்ன தெரியுது? சூடா, குத்தலா?"

"வெரலு. யாருதோ வெரலு."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பற்கள் கிட்டித்துக்கொண்டன. மூக்கால் மட்டும் மூச்சு விட்டாள். அந்த மூச்சு அறை முழுக்கக் கேட்டது.

இடது கை மெல்ல மூடியது. முழுக்க மூடவில்லை. விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடைவெளி இருந்தது. இன்னொரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

அங்கே எதுவும் இல்லை.

ஊசிகள் நான்கும் நடுங்கின.

பிறகு அந்தக் கை கட்டிலுக்கு வெளியே நீண்டது. அவள் நீட்டவில்லை. யாரோ இழுத்தார்கள். தோள் நகர்ந்தது, இடுப்பு நகர்ந்தது, கட்டில் கால் சிமெண்டுத் தரையில் கீறியது. வலிப்பு என்றுதான் நினைத்தேன். விரல்களைப் பிரிக்கலாம் என்று அந்த இடைவெளியில் என் வலது கையை நுழைத்தேன்.

அங்கே ஒரு கை இருந்தது.

ஈரமாக, சில்லிட்டு, தண்ணீரில் ஊறித் தோல் சுருங்கிய கை. கண்ணுக்குத் தெரியவில்லை. என் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

கத்தினேன். குளிர் வெளியே போகக் கூடாது என்று கட்டிய சுவர், சத்தத்தை மட்டும் விடுமா என்ன. என் குரல் என்னிடமே திரும்பி வந்தது. கதவு நான்கு எட்டுத் தூரத்தில் இருந்தது. என்னால் ஒரு எட்டுகூட வைக்க முடியவில்லை. அந்தப் பிடியில் கோபம் இல்லை. வழுக்கி விழப் போகிறவர் கிடைத்ததைப் பிடிக்கிற பிடி அது. அதனாலேயே அது விடாது என்று தெரிந்தது. இந்த ஐஸ் அறையில்தான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். பத்தாவது படிக்கிற என் மகள் ஞாபகம் வந்தது. அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

கீதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தாடை மட்டும் இறுகிக்கிடந்தது. வாயைத் திறந்தால் ஏதோ கீழே கொட்டிவிடும் என்பதைப் போல.

பறி.

அவள் பறியைக் கவ்விக்கொண்டிருந்தாள்.

எனக்கு இடது கை மிச்சமிருந்தது. காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில் ஒரு புள்ளி உண்டு. பல் கிட்டித்தவர்களுக்கு அங்கேதான் அழுத்துவோம். கட்டை விரலை வைத்து உயிரைக் கொடுத்து அழுத்தினேன்.

வாய் திறந்தது. கீதா கத்தினாள்.

"யோவ், லட்சுமி அக்கா போறாய்யா. திரும்பிப் பாருயா. அக்காவப் புடிய்யா."

பிடி தளர்ந்தது. ஒரேயடியாக இல்லை. ஒவ்வொரு விரலாக வழுக்கிக்கொண்டு போனது. கொண்டி திறக்கும் சத்தம் கேட்டது. எல்லப்பன் மூச்சு வாங்க வாசலில் நின்றான். எங்கள் இருவரையும் அவன் பார்க்கவில்லை. அறையின் மூலைகளைத் தேடினான்.

"அண்ணி கொரலு கேட்ச்சே. அண்ணியா கூப்ட்டாங்க?"

கீதா கையை என் பக்கம் நீட்டினாள்.

ஊசிகளை எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கீதா முகம் சுளித்தாள். கையில் உணர்ச்சி வந்துவிட்டது. நான்காவது ஊசியை எடுத்த பிறகு புருஷனைப் பார்த்துப் பேசினாள்.

"அன்னிக்கு நான் கத்தியிருந்தா நீ திரும்பியிருப்ப. பறி நெறைய இறாலுயா. வாயத் தொறந்தா பூடும்னு பல்லக் கடிச்சுக்கினே அவள இழுத்தேன். அதுவும் போவக்கூடாது, இவளும் போவக்கூடாதுனு பாத்தேன். கைதான் நழுவிச்சு."

எல்லப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை.

ஆடி மாதம், பொழுது சாயும் நேரத்தில் கீதாவிடமிருந்து போன் வந்தது. விரல் நன்றாக இருக்கிறது, முன்னைவிட நன்றாகத் தெரிகிறது என்றாள். எனக்கு மனது குளிர்ந்துபோனது.

"ஒண்ணு கேக்கணும் சார். இப்பவும் ஓடையக் கைகோத்துக்கினுதான் தாண்டறோம். அவரு முன்னால, நான் பின்னால. எனக்கப்புறம் ஆளே இல்ல. ஆனா எட்து கையப் புடிச்சுக்கினு ஒருத்தர் வராங்க. கரை வரைக்கும் வராங்க. அதுக்கு மேல வர மாட்றாங்க."

"அப்புறம்?"

"கைய உட்டாதான சார் நான் கரை ஏற முடியும். நேத்து இருட்டற வரைக்கும் தண்ணியிலயே நின்னேன்."

அப்போதுதான் போனுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் எனக்குக் கேட்டது. தூரத்தில், கரையிலிருந்து எல்லப்பன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தண்ணி திரும்பிடுச்சு, ஏறி வாடி, ஏறி வாடி என்று அவன் குரல் உடைந்தது.

"கீதா, அந்தக் கையை உதறிட்டு ஏறி வந்துடுங்க. சொல்றதைக் கேளுங்க. விட்டுடுங்க."



"ஒரு வாட்டி உட்டுட்டேனே சார்," என்றாள்.