வெள்ளைக் காரின் சாமான் பட்டியல்

லிங்கம் பணம் கேட்கவில்லை. ரஜீவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

ஏழு மாதமாக அந்த வெள்ளைக் காருக்காக இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். லுணுகலைப் பக்கத்து நிமலன் என்பவன் ரஜீவின் லீசிங் கம்பனியில் கடன் எடுத்து வாங்கிய கார் அது. முன்பக்கம் நசுங்கியதும் அதை ஸ்பிரிங்வெளி வீதியிலுள்ள லிங்கத்தின் கராஜில் கொண்டுவந்து விட்டவன், அதன்பிறகு இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. தவணை நின்ற வண்டி எங்களுடையது என்றது கம்பனி. திருத்திய கூலி கைக்கு வராமல் ஓர் அங்குலம்கூட நகராது என்று லிங்கம் வக்கீல் கடிதமே அனுப்பினார். அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று சாவியை நீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"கூலி வேணாம் தம்பி. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயிருங்க."

மத்தியானம் இரண்டு மணிதான். ஆனாலும் நமுனுகுல மலைப் பக்கமிருந்து இறங்கிய பனிமூட்டம் தகரக் கூரைவரை வந்து குந்தியிருந்தது. பழைய ஒயிலும் ஈர இரும்பும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கூரை நீர் எங்கோ ஒரு காலி டின்னுக்குள் விட்டுவிட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. மற்ற வண்டிகளின் கண்ணாடிகளெல்லாம் வெளியே நனைந்திருக்க, அந்தக் காரின் கண்ணாடிகளில் மட்டும் உள்பக்கமாக ஆவி படர்ந்திருந்தது.

ரஜீவ் அதைப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை. பதினொரு வருடமாக வண்டி பறிக்கிற வேலை. ஆட்டோச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுத பெண்களையும் மரம் மாதிரி நின்று பார்த்தவன். மனசு மரத்துப்போனது அவனுக்கே தெரியும். அதில் உயிர் மிச்சமிருந்த ஒரே இடம் விதுஷா, இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள். தண்ணீர்ப் போத்தலை அடிக்கடி தொலைத்துவிட்டு வருகிறாள் என்று, இன்று காலை புதுப் போத்தலில் அவள் பெயரை எழுதி ஒட்டி, தோளில் மாட்டி, ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுத்தான் வந்திருந்தான்.

வண்டி கைமாறும்போது உள்ளே இருக்கும் சாமான்களுக்குப் பட்டியல் போட வேண்டும். கார் வந்த அன்று லிங்கமும் ஒன்று போட்டிருந்தார். ஜாக்கி, ஸ்பேனர், ஸ்பெயர் டயர் என்று பதினொன்று. அதற்குக் கீழே, வேறு நிற மையில், பன்னிரண்டாவது: பெண்கள் மூக்குக்கண்ணாடி ஒன்று. போன மாதம் எட்டாம் திகதி.

அது யாருடையது என்று கேட்டான். லிங்கம் மேசைக்கு மேலே மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினார். அவர் மனைவி அன்னலட்சுமி. முகத்தில் கண்ணாடி. படத்துக்குக் கீழே அதே எட்டாம் திகதி.

"அத போட்டுக்கிட்டுத்தான் காலையில சந்தைக்குப் போனா. பூட்டின காருக்குள்ள கெடந்துச்சு. அவளோடது மாதிரியே இருக்கேன்னு எழுதி வச்சேன். அப்புறந்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு."

துக்கத்தில் மனிதர் குழம்பிவிட்டார் என்று நினைத்தான். பதினொரு சாமானையும் சரிபார்த்தான். பின்சீட்டில் எதுவும் இல்லை. 'பொறுப்பேற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

லிங்கம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் கேட்டார். "ஒங்களுக்குப் புள்ளைங்க இருக்கா, தம்பி?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாதை வளைந்து வளைந்து இறங்கியது. விளக்கைப் போட்டும் பத்தடிக்கு அப்பால் வெள்ளைதான். இருபக்கமும் தேயிலைச் செடிகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. மூன்றாவது வளைவில் பின்னால் ஏதோ உருண்டது. ஸ்பேனராக்கும் என்று நினைத்தான். ஸ்பேனர் டிக்கியில் இருந்தது. அடுத்த வளைவில் மறுபடி உருண்டது. லேசான சாமான். உள்ளே தண்ணீர் அலம்பியது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பதுளையில் கம்பனியின் யார்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி. காவலுக்கு இருக்கும் மர்ஸூக் நானா, வழக்கம்போல, காருக்குள் தலையை விட்டு ஒவ்வொரு சாமானாகச் சொல்ல, ரஜீவ் எழுதினான். பதினொன்று வரை சரியாக இருந்தது.

"பன்னெண்டு. தண்ணிப் போத்தல் ஒண்டு. ரோஸ் கலர்."

கை எழுதியது. எழுதி முடித்தபிறகுதான் கை நின்றது.

"பேர் ஒட்டீக்கி தம்பி. நீங்க எழுதின எழுத்து மாதிரியே ஈக்கி."

மர்ஸூக் போத்தலை நீட்டினார். மூடி திறந்திருந்தது. வார் அறுந்திருந்தது. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் காரின் கதவைச் சாத்தினார்.

ரஜீவ் வீட்டுக்குப் போன் எடுத்தான். நான்காவது மணியில் மனைவி நிஷாந்தினி எடுத்தாள்.

"வேன் இன்னும் வரலைங்க. மூட்டமா இருக்குல்ல, மெதுவா வருதாக்கும். ஏன், என்னங்க?"

பயம் எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ வந்த மாதிரி இருந்தது. அவன் காரின் பக்கம் திரும்பினான்.

காரின் பின்கண்ணாடி. உள்பக்கம். சீட்டில் உட்கார்ந்த குழந்தையின் வாய் உயரத்தில், மூச்சுப் பட்ட மாதிரி உள்ளங்கையளவு ஆவி.

"ஹலோ? ஹலோ?" என்றாள் நிஷாந்தினி.

ஆவி மறைந்தது. படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது, சின்னதாக.

மறைந்தது.

பிறகு படரவில்லை.